எக்ஸ்பிரஸ் நிற்காத ஸ்டேஷன்

விடிகாலை ஆறு மணிக்கு ஒருத்தர் செல்போனைப் பார்த்து, 'ஐயோ' என்று தலையில் அடித்துக்கொண்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்து, போர்வையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

இடம், ஒலக்கூர். சென்னையிலிருந்து ரயிலில் போனால் திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. தை மாதம், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காகப் போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டவர் என் அக்கா மகளின் கணவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். பிறந்து வளர்ந்ததெல்லாம் கனடாவில், டொரண்டோவில்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"கோல் விட்டிட்டினம் மாமா."

அப்போதுதான் பார்த்தேன். நெஞ்சில் பெரிதாக ஓர் இலை போட்ட நீலச் சட்டை. ஐஸ் ஹாக்கி! அங்கே முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பித்த ஆட்டம், இங்கே விடிகாலை ஐந்தரை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள், கோல் போச்சே என்று புலம்பும் இந்த மனுஷனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப மாப்பிள்ளை கடைசியா கப் ஜெயிச்சீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "அறுபத்தேழில மாமா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த முகம்தான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

நமக்கும் ஐஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இருக்கிறது. மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் கிடங்கு. ஃப்ரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் கட்டி கட்டியாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மதராஸ் வரைக்கும் அனுப்பினார். வெள்ளைக்காரத் துரைகள் பானத்தில் போட்டுக் குடித்தார்கள். அதே மாதிரி உறைந்த ஏரிகள் மேல்தான், வட அமெரிக்கப் பையன்கள் காலில் இரும்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

1875 மார்ச் 3-ம் தேதி மாண்ட்ரியல் நகரத்தில் ஒரு கூரைக்குக் கீழே, ஓரளவு விதிகளோடு முதல் ஆட்டம் நடந்தது. பந்துக்குப் பதில் தட்டையான ஒரு வில்லை. 'பக்' என்று பெயர். இன்றைய கணக்கில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. அவ்வளவுதான் விஷயம்.

அப்போது கனடாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்த ஸ்டான்லி பிரபுவுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. அவர் பிள்ளைகளும் ஆடினார்கள். மகள்கூட ஆடினாள். 1892-ல் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். விலை பத்து கினி. அதுதான் ஸ்டான்லி கோப்பை. வேடிக்கை என்னவென்றால், 1893-ல் பிரபு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். தன் கிண்ணத்துக்காக நடந்த ஓர் ஆட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை!

காசு வாங்காமல் ஆடுகிற கனவான்களுக்காகத்தான் அந்தக் கிண்ணம். ஆனால், கூட்டம் டிக்கெட் வாங்க ஆரம்பித்த பிறகு எந்த ஆட்டம் கனவான்களோடு நின்றிருக்கிறது? 1904-ல் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் முதல் லீக் வந்துவிட்டது. 1917 நவம்பரில் மாண்ட்ரியலில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து நேஷனல் ஹாக்கி லீக்கை ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உலகத்திலேயே பெரிய ஐஸ் ஹாக்கி லீக் அதுதான்.

ஆட்டக்காரன் கதை இதோடு சரி. ரசிகன் கதைக்கு வருவோம்.

ரசிகனை உண்டாக்கியது ரேடியோ. 1923-ல் டொரண்டோவில் ஃபாஸ்டர் ஹெவிட் என்ற இளைஞர் ஹாக்கி ஆட்டத்தை ஒலிபரப்ப ஆரம்பித்தார். 1931-ல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் டீமுக்குப் புதிய அரங்கம் கட்டியபோது, ஐஸ் தளத்துக்கு மேலே உயரத்தில் அவருக்கு ஒரு பரண் அமைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை ராத்திரியானால் கனடாவின் மூலை முடுக்கெல்லாம் அந்தக் குரல். டீக்கடை டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட தலைமுறைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அரங்கம் கட்டிய கதை, பி.காம். படித்த என்னை ரொம்பவே இழுத்த கதை. உலகமே பொருளாதார மந்தத்தில் தத்தளித்த காலம். முதலாளிகளிடம் பணம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டட வேலை செய்தவர்களிடம், "கூலியில் ஒரு பகுதியைக் காசாகத் தரமாட்டோம், பங்குப் பத்திரமாகத் தருவோம், சம்மதமா?" என்று கேட்டார்கள். தொழிற்சங்கங்கள் ஒத்துக்கொண்டன. சுமார் ஐந்தே மாதத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. செங்கல் சுமந்தவனும் பங்குதாரன். ஒரு டீம் 'நம்முடையது' என்று ஊர்க்காரன் சொல்வதற்கு, கையில் பத்திரமும் இருந்த அபூர்வமான தருணம் அது.

பத்திரம் இல்லாமலே 'நம்முடையது' என்று நினைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மாண்ட்ரியல் வரவேண்டும்.

மாண்ட்ரியல் கனேடியன்ஸ் டீமில் ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரர் மோரிஸ் ரிஷார். பட்டப் பெயர் 'ராக்கெட்'. 1944-45 சீசனில் ஐம்பது ஆட்டத்தில் ஐம்பது கோல் போட்டவர். அதற்கு முன் யாரும் செய்யாத காரியம். அதைவிட முக்கியம், அவர் பிரெஞ்சு பேசுகிறவர். க்யூபெக் மாகாணத்தில் ஜனங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். கம்பெனியில் மேலாளர் நாற்காலியோ ஆங்கிலம் பேசுகிறவருக்கு. சொந்த ஊரிலேயே சொந்த மொழி இரண்டாம்பட்சம். இந்த வலி நமக்குப் புரியாததா என்ன? பகலெல்லாம் முதலாளியிடம் தலைகுனிந்தவன், ராத்திரி ரிஷார் கோல் போடும்போது நிமிர்ந்தான்.

1955 மார்ச் 13, பாஸ்டனில் ஆட்டம். எதிரணிக்காரர் ஒருவர் மட்டையால் ரிஷாரின் தலையில் அடித்துவிட்டார். ரத்தம். ரிஷார் திருப்பி அடித்தார். தடுக்க வந்த லைன்ஸ்மேனுக்கும் குத்து விழுந்தது. தப்புதான். அவர் அதற்கு முன்பும் கைநீட்டியவர்தான். மூன்று நாள் கழித்து லீக் தலைவர் க்ளாரன்ஸ் கேம்ப்பெல் தீர்ப்பு சொன்னார்: மீதியுள்ள சீசன் முழுக்க ஆடக்கூடாது. கோப்பைக்கான ஆட்டங்களிலும் கூடாது.

ஊர் கொதித்துவிட்டது. 'வேறு ஒருத்தனாக இருந்தால் இந்த அளவுக்குத் தண்டிப்பாயா?' என்று கேட்டது. மறுநாள் மார்ச் 17, மாண்ட்ரியலில் ஆட்டம். வராதீர்கள் என்று பலரும் சொல்லியும் கேம்ப்பெல் வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். முட்டை பறந்தது, தக்காளி பறந்தது. ஒருவன் கிட்டே வந்து கைநீட்டியே விட்டான். பிறகு எவனோ கண்ணீர்ப்புகை குண்டை வீச, ஆட்டம் நின்றது. 4-1 என்று முன்னிலையில் இருந்த டெட்ராய்ட் ஜெயித்ததாக அறிவித்தார்கள். கூட்டம் வெளியே வந்து கடைக் கண்ணாடிகளை நொறுக்கியது. நல்லவேளை, உயிர் எதுவும் போகவில்லை.

மறுநாள் ரிஷார் ரேடியோவில் பேசினார். அமைதியாக இருங்கள், நான் தண்டனையை ஏற்கிறேன், அடுத்த வருஷம் வந்து கோப்பையை ஜெயிக்க உதவுகிறேன் என்றார். ஊர் அடங்கியது. சொன்னபடியே 1956-ல் ஜெயித்தார்கள். அதோடு விட்டார்களா? 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை! க்யூபெக்கில் பிற்பாடு வந்த பெரிய அரசியல் மாற்றத்துக்கு முதல் பொறி அந்த ராத்திரிதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு கலவரத்தின் தலையில் அவ்வளவையும் ஏற்றலாமா என்பது வேறு விஷயம். ஆனால், 2000-ல் ரிஷார் இறந்தபோது மாகாண அரசே மரியாதையோடு இறுதிச்சடங்கு நடத்தியது. ஒரு ஆட்டக்காரருக்கு!

இருக்கட்டும். இப்போது ஒரு கணக்குப் பாடம்.

ஒரு கடையை விற்கிறீர்கள். கட்டடம், சரக்கு, மேஜை நாற்காலி எல்லாம் சேர்த்து, கடனைக் கழித்தால் பத்து லட்சம் தேறும். வாங்குகிறவர் பதினைந்து லட்சம் கொடுக்கிறார். அந்த ஐந்து லட்சம் எதற்கு? அதற்குப் பெயர் 'குட்வில்'. இருபது வருஷமாக அதே கடைக்கு நடந்து வந்த வாடிக்கையாளர்களின் பழக்கம். ஆனால், பணம் யாருக்குப் போகும்? விற்றவருக்கு. நடந்து வந்தவருக்கு ஒரு பைசா கிடையாது.

1995-ல் க்யூபெக் நகரத்தின் நார்டிக்ஸ் டீமை விற்றார்கள். டீம் அப்படியே அமெரிக்காவின் டென்வருக்குப் போய், கொலராடோ அவலாஞ்ச் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மறு வருஷமே, 1996-ல், ஸ்டான்லி கோப்பை! பல வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த மரத்தைப் பக்கத்து ஊர்க்காரன் வேரோடு கொண்டுபோய் நட்டு, முதல் வருஷமே பழம் தின்றால் எப்படி இருக்கும்? அதே சமயம் வின்னிபெக் நகரத்தில் டீமைக் காப்பாற்ற ஊரே வசூல் செய்தது. குழந்தைகள் உண்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பலிக்கவில்லை. 1996-ல் டீம் ஃபீனிக்ஸ் போய்விட்டது. பதினைந்து வருஷம் கழித்து, 2011-ல் அட்லாண்டாவிலிருந்து ஒரு டீம் வின்னிபெக்குக்கு வந்தது. வின்னிபெக் ஆடிப் பாடிக் கொண்டாடியது. அட்லாண்டாக்காரன் அழுதான். ஒருத்தன் வீட்டு வாசலில் பந்தல் போட, இன்னொருத்தன் வீட்டுப் பந்தலைப் பிரிக்க வேண்டியிருந்தது.

இப்போது நம் மாப்பிள்ளையின் டீமுக்கு வாருங்கள். 1967 மே 2-ம் தேதி, மாண்ட்ரியலைத் தோற்கடித்து டொரண்டோ கோப்பையை வாங்கியது. இங்கே அண்ணா முதலமைச்சராகி இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அப்போது லீக்கில் மொத்தமே ஆறு டீம். அதற்கப்புறம் எத்தனையோ முதலமைச்சர்களைப் பார்த்துவிட்டோம். லீக்கில் 32 டீம் ஆகிவிட்டது. 2025 வரை டொரண்டோவுக்குக் கோப்பை இல்லை. ஆனால், 2024-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்ட மதிப்பீட்டில் லீக்கிலேயே விலை அதிகமான டீம் எது தெரியுமா? அதே டொரண்டோ! ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஜெயிக்காத டீமுக்கு அந்த விலை எங்கிருந்து வந்தது? விடிகாலை ஒலக்கூர் திண்ணையில் தலையில் அடித்துக்கொள்கிறாரே, அங்கிருந்துதான்.

மாப்பிள்ளையின் அப்பா எண்பதுகளின் கடைசியில் கனடா போனவர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காக்கும் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்ததும், மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். இவர் விமானத்தில் போனார். ஆனால், ஊர் திரும்ப முடியாது என்ற கணக்கில் வித்தியாசம் இல்லை. சாப்பாட்டுக்கடையில் தட்டு கழுவினார். பேசப் பாஷை வராது. சனிக்கிழமை கடை டி.வி.யில் ஹாக்கி ஓடும். கூட வேலை செய்த வெள்ளைக்காரன் கோல் விழுந்ததும் இவரைக் கட்டிப்பிடித்தானாம். "கனடாவில ஒருத்தன் என்னைத் தொட்டது அண்டைக்குத்தான் முதல் தரம் எண்டு அப்பா சொல்லுவார் மாமா" என்றார் மாப்பிள்ளை. "அந்த டீமை எப்படி மாமா விடுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் விடவில்லை. "உங்கட டீம் எது மாமா?"

சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்கும் ஒரு ஹாக்கி டீம் இருந்தது. ஐஸ் இல்லாத, நம்ம ஹாக்கி. 2005-ல் பிரிமியர் ஹாக்கி லீக் ஆரம்பித்தபோது 'சென்னை வீரன்ஸ்' வந்தது. ஆசையாகப் பார்த்தேன். 2008-ஓடு அந்த லீக்கே நின்றுபோனது. 2012-ல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி, 'சென்னை சீட்டாஸ்'. ஒரே சீசன், முடிந்தது. 2013-ல் ஹாக்கி இந்தியா லீக் ஆரம்பித்தபோது நமக்கு டீமே இல்லை. 2017-ல் அதுவும் நின்றது. 2024 டிசம்பரில் திரும்ப ஆரம்பித்தபோது 'தமிழ்நாடு டிராகன்ஸ்' வந்தது. இருபது வருஷத்துக்குள் மூன்று லீக், மூன்று பெயர். மாப்பிள்ளையின் டீம் ஜெயிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால், தோற்பதற்காவது வருஷா வருஷம் வந்துவிடுகிறது. என் டீம் தோற்கக்கூட மிச்சம் இருக்கவில்லை.

ரசிகன் கேட்பது கோப்பை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. அடுத்த வருஷமும் அதே பெயரில், அதே சட்டையில் வந்து நில்லுங்கள் என்பதுதான் அவன் முதல் வேண்டுதல் போலிருக்கிறது. மரபு என்று ஒன்று உண்டானால் அதற்கு அப்புறம்தான்.

மறுநாள் ஊருக்குத் திரும்ப இரண்டு பேரும் ஒலக்கூர் ஸ்டேஷனில் நின்றோம். ஒரு எக்ஸ்பிரஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிற்காமல் ஓடியது. இன்னொன்றும் ஓடியது. மாப்பிள்ளை அந்த நீலச் சட்டையோடு பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"எரிச்சலா இல்லையா மாப்பிள்ளை?" என்றேன்.

"எதுக்கு மாமா? எங்கட வண்டி வரும்தானே?"

வந்தது. பாசஞ்சர்தான். ஆனால், நின்றது.