மாற்றாள் இல்லாத மண்: தொலைதீவுகளில் கொண்டுவரப்பட்ட விலங்குகள்

தெற்கு இந்தியப் பெருங்கடலில் தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவு இருக்கிறது. அங்கே பெரிய அல்பட்ராஸ் பறவைகள் சேற்றையும் புல்லையும் குவித்துக் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டின் சுவருக்குள் ஒரு புழு குடியிருக்கிறது. பறக்க இயலாத பிரிங்கிலியோஃபாகா மரியோனி என்ற அந்துப்பூச்சியின் புழு அது. பறவை அமர்ந்திருக்கும் கூடு சுற்றுத் தரையைவிட ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருப்பதையும், அந்தச் சூட்டை நாடிய புழுக்கள் அங்கே செழிப்பதையும் பிரென்ட் சின்கிளேரும் ஸ்டீவன் சௌனும் 2006இல் எடுத்துக்காட்டினார்கள். தொலைதீவுகளின் மண்ணைப் பற்றி யோசிக்க இந்தக் கூட்டைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மரியனில் மேயும் பாலூட்டி எதுவும் இயற்கையாக வாழ்ந்ததில்லை. தழைத்த செடியில் பெரும்பங்கு எந்த வாய்க்கும் போகாமல் அப்படியே பட்டுத் தரையில் சேரும். மண்ணோ குளிர்ந்தது, எந்நேரமும் ஊறிக் கிடப்பது. நுண்ணுயிரிகளின் வேலை அதில் மந்தமாகத்தான் நடக்கும். சருகைத் தின்று எச்சமாக்கி, அதில் முடங்கிய தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேருக்கு எட்டும் வடிவில் விடுவிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி இந்தப் புழுவின் மேல் விழுகிறது. மண்புழுக்களும் கூன்வண்டுகளும் கூட உண்டு. ஆனால் சுமை அவற்றுக்குச் சமமாகப் பங்கிடப்படவில்லை. சருகோடு புழுவைச் சேர்த்து அடைத்துப் பார்த்த சோதனைகளில் சத்து வெளியாகும் அளவு பல மடங்கு கூடியது.

இந்தப் புழுவைச் சுண்டெலி தின்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்நாய் வேட்டைக்காரர்களின் கப்பல்களில் வந்து இறங்கிய, நம் வீடுகளில் ஓடும் அதே இனச் சுண்டெலி. (இத்தகைய விலங்குகளை 'வந்தேறி' என்று எழுதும் வழக்கம் தமிழில் பரவியிருக்கிறது. நான் அதைத் தவிர்க்கிறேன். இவற்றுள் ஒன்றுகூடத் தானாக வரவில்லை. மனிதர் ஏற்றி வந்தார்கள்.) வானிலை நிலையத்தில் எலித்தொல்லையை அடக்க 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தார்கள். பூனைகள் பெருகின, எலியைவிடப் பறவை எளிதாகக் கிடைத்தது. 1970களில் அவை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பெட்ரல் பறவைகளைக் கொன்றதாகக் கணக்கிட்டார்கள். நோய்க்கிருமியைப் பரப்பியும் துப்பாக்கி கொண்டும் பூனைகளை ஒழிக்க 1991 வரை ஆயிற்று. பாதுகாப்பு வரலாற்றில் இது வெற்றிக்கதையாகவே சொல்லப்படுகிறது. எலி அங்கேயே இருந்தது.

பொதுவாக இவ்வகைக் கதைகள் தரைக்கு மேலேயே எழுதப்படுகின்றன. எத்தனை பறவை செத்தது, எந்தச் செடி அழிந்தது என்பதே கணக்கு. தரைக்குக் கீழே பார்ப்பவர்களும் பெரும்பாலும் 'வந்த விலங்கு என்ன தின்கிறது?' என்ற கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறார்கள். கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் வாதம். ஒரு விலங்கு தீவின் மண்ணை எவ்வளவு மாற்றும் என்பதை அதன் உணவுப் பழக்கத்தைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வருவதற்கு முன் மண்ணின் வேலைகளை யார் செய்தார்கள், அவர்களுக்கு மாற்றாள் இருந்தார்களா என்பதைக் கொண்டுதான் சொல்ல முடியும். கண்டத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள தீவுக்கு எல்லாக் குலத்து உயிர்களும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே கண்டத்தில் பத்துப் பேர் பகிரும் வேலை அங்கே ஒருவர் கையில் கிடக்கும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று கிறிஸ்துமஸ் தீவு. ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில், 135 சதுர கி.மீ. பரப்பில் உள்ள ஆஸ்திரேலிய ஆட்சிப்பகுதி அது. அதன் மழைக்காட்டுத் தரையில் கோடிக்கணக்கான சிவப்பு நிலநண்டுகள் வாழ்கின்றன. உதிர்ந்த இலையை இழுத்துச் சென்று வளையில் வைத்துத் தின்பதும், முளைத்த கன்றைக் கிள்ளுவதும் அவைதான். நண்டு உள்ள காட்டின் தரை பெருக்கிவிட்ட முற்றம் போல வெறுமையாக இருக்கும். பீட்டர் கிரீன், டென்னிஸ் ஓடௌட், சாம் லேக் ஆகிய மூவரும் நண்டு புக முடியாதபடி வேலியிட்டுப் பார்த்தார்கள். வேலிக்குள் சருகு குவிந்தது, கன்றுகள் நெருக்கமாக எழுந்தன. சருகைச் செரிக்கும் வேலையில் நண்டின் 'முற்றுரிமை' பற்றி அவர்கள் 1999இல் எழுதினார்கள். வணிகத்திலிருந்து எடுத்த சொல்லானாலும் இங்கே அது துல்லியமாகப் பொருந்துகிறது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தீவுக்குப் போய்ச் சேர்ந்தது மஞ்சள் பைத்திய எறும்பு. பல பத்தாண்டுகள் அது யார் கண்ணிலும் உறுத்தாமல் இருந்தது. 1990களில்தான் பெருங்குடியிருப்புகளாகக் காட்டில் விரிந்தது. காரணம் செதில் பூச்சிகள். மரச்சாற்றை உறிஞ்சி அவை கழிக்கும் இனிப்பு நீரை எறும்பு குடிக்கிறது. எறும்பின் காவலில் பூச்சிகள் பெருகுகின்றன. அந்தப் பூச்சிகளில் முதன்மையான அரக்குப் பூச்சி இனமும் வெளியிலிருந்து வந்ததே. எறும்பு பீய்ச்சும் அமிலத்தில் கண்ணிழந்து நண்டுகள் மடிந்தன. ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி வரை இறந்திருக்கும் என்று 2003இல் மதிப்பிட்டார்கள். வேலியிட்டுச் சிறு பரப்பில் பார்த்ததை எறும்பு காடளவில் நடத்திக் காட்டியது: சருகு மெத்தை தடித்தது, கன்றுகள் அடர்ந்தன. அதுவரை நண்டுக்கு இரையாகி உட்காட்டில் காலூன்ற முடியாதிருந்த ஆப்பிரிக்க ராட்சத நத்தை அந்தச் சருகுக்குள் நுழைந்தது.

எறும்பு சருகைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் உணவுப் பட்டியலை மட்டும் பார்த்து மண்ணில் அது என்ன செய்யும் என்று சொல்ல முயன்றிருந்தால் தோற்றிருப்போம். இதே எறும்பு தமிழ்நாட்டிலும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்துச் சிற்றூர்களில் 2022இல் அது மொய்த்து, ஆடுமாடு வளர்ப்போரையும் உழவரையும் அலைக்கழித்தது. அங்கே மக்களுக்கு நேர்ந்த தொல்லை சிறிதல்ல. ஆனால் கரந்தமலையில் சருகைத் தின்னக் கறையான் இருக்கிறது, மண்புழு இருக்கிறது, மரவட்டை இருக்கிறது. ஒருவரை அடித்துவிட்டால் மண் வேலை நின்றுபோகும் நிலை அங்கே இல்லை.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். நியூசிலாந்தை ஒட்டிய சிறுதீவுகளில் மண்ணை வளப்படுத்துவது ஓரினம் அல்ல. கடலில் மேய்ந்து, வளை தோண்டி, எச்சமிடும் கடற்பறவைகள் பல இனம் உண்டு. ஆயினும் எலி நுழைந்த 9 தீவுகளையும் எலியற்ற 9 தீவுகளையும் ஒப்பிட்ட ததாஷி ஃபுகாமி, டேவிட் வார்டில் முதலியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு, எலித் தீவுகளின் மண்ணில் சத்தும் மண்ணுயிர்களும் குறைந்திருப்பதைக் கண்டது. பல இனம் இருந்தும் ஏன் காப்பு இல்லை? அவை அனைத்தும் ஒரே முறையில் வாழ்வதால் என்பேன். எல்லாம் தரைக்குள் முட்டையிடுகின்றன. ஒரே பல் அனைத்தையும் எட்டிவிடும். பெயர்ப் பட்டியலின் நீளம் மாற்றாளுக்குச் சான்றாகாது.

அதே தீவுகள் இன்னொரு சங்கடத்தையும் தருகின்றன. வளை தோண்டும் பறவை வேரைக் கிளறும், கன்றை மிதிக்கும். பறவை போனபின் செடி கொடிகள் தழைத்தன. உயிருள்ள தாவரப்பொருள் ஏறத்தாழ இரு மடங்கானதாக அதே குழு 2007இல் எழுதியது. கரிமச் சேமிப்பை மட்டும் எண்ணும் கணக்கர் எலிக்கு நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கும்! மேலே பச்சை கூடுவது கீழே வளம் கூடுவதற்கு அடையாளமல்ல.

அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் மேலும் கீழும் ஒரே திசையில் சரிந்தன. மென்மயிர் வணிகத்துக்காகத் துருவ நரிகளை அங்கே விட்டார்கள். டொனால்ட் குரோலும் உடன் ஆய்ந்தோரும் 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, நரியற்ற தீவுகளில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 361.9 கிராம் பறவை எச்சம் விழ, நரித் தீவுகளில் 5.7 கிராம்தான் விழுந்தது. புல்வெளி குறுஞ்செடித் தரையாக மாறியது. நரி மண்ணைத் தீண்டவே இல்லை. கடலிலிருந்து நிலத்துக்கு உரம் சுமந்தவர்களைத் தின்றது, அவ்வளவே.

அகற்றிவிட்டால் மண் மீளுமா? எலியை ஒழித்த நியூசிலாந்துத் தீவுகளை ஆராய்ந்த ஹோலி ஜோன்ஸ், மீட்சிக்குச் சில பத்தாண்டுகளே போதும் என்று 2010இல் எழுதினார். நம்பிக்கையூட்டும் முடிவுதான். நான் அதை இப்படிப் படிக்கிறேன்: அங்கே திரும்பி வரப் பறவைகள் இருந்தன. எலியின் இன்மை மண்ணை மீட்கவில்லை, பறவையின் வருகை மீட்டது. கிறிஸ்துமஸ் தீவில் எறும்புக்கு எதிராக 2002இல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவினார்கள். பின்னர், அரக்குப் பூச்சியைத் தாக்கும் சிறு குளவியை மலேசியாவிலிருந்து கொணர்ந்து 2016 டிசம்பரில் விட்டார்கள். எறும்பின் உணவை நிறுத்தும் இந்த இரண்டாம் வழி எனக்குக் கூடுதல் அறிவுடையதாகப் படுகிறது. ஆனால் நண்டு திரும்பாத காட்டில் சருகு சருகாகவே கிடக்கும்.

மரியனிலோ எலி இரண்டு முனைகளிலும் கடிக்கிறது. 2003 முதல் அது அல்பட்ராஸ் குஞ்சுகளைத் தாக்குவது பதிவாகிவருகிறது. 2023இல் வளர்ந்த பறவைகளும் அதன் கடிக்குப் பலியாயின. சருகைச் செரிக்கும் புழுவையும் தின்று, அந்தப் புழுவுக்குச் சூடு கொடுக்கும் பறவையையும் தின்கிறது. தீவு முழுவதும் நச்சு இரை தூவி எலியை ஒழிக்கத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது, அதை ஆதரிக்கிறேன். ஆனால் அதன் வெற்றியைப் பறவைக் கூடுகளை எண்ணி மட்டும் அளப்பது போதாது. ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி, எலி ஒருபோதும் ஏறாத பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஒப்பீட்டுக்கு இருக்கிறது. புழுக்களையும் எண்ண வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் வேலையாளை இழந்த மண்கள். அண்டார்க்டிகாவை அடுத்த தெற்கு ஆர்க்னித் தீவுக்கூட்டத்தின் சிக்னித் தீவில் நடந்தது நேர்மாறு. 1960களில் செடிகளை நட்டுப் பார்க்கும் சோதனைக்காகத் தெற்கு ஜார்ஜியாவிலிருந்து வந்த மண்ணோடு, எரெட்மோப்டெரா மர்ஃபியி என்ற இறகற்ற சிறு ஈ சேர்ந்து வந்தது. ஆணே இல்லாமல் பெண் மட்டுமே இனம் பெருக்கும் பூச்சி. சிக்னியின் பாசித் தரையில் சருகைத் தின்று கரைக்கும் அளவில் ஒரு பூச்சி இருந்ததில்லை. காலியாக இருந்த பணியிடத்தில் இது அமர்ந்துகொண்டது. அது பரவிய இடங்களில் மண்ணின் நைட்ரேட் மூன்று முதல் ஐந்து மடங்காகி, கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும் இடத்து அளவை எட்டியிருக்கிறது.

உழவர் கண்ணுக்கு இது வரவு. ஆனால் அந்தப் பாசிக்கரி மண் வறுமையிலேயே உருவானது. மெதுவாக மட்குவதால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. மரியனில் எலி செய்வதை இழப்பு என்றும், சிக்னியில் ஈ செய்வதை வளம் என்றும் இரு கோல்களால் அளக்க எனக்கு மனமில்லை. நடைமுறையில் சிக்னியின் நிலையே கடினம். எலிக்கும் எறும்புக்கும் இரை வைக்கலாம். மனிதரின் காலணியில் ஒட்டி நகரும் இந்த ஈயோ, தன் ஈராண்டு வாழ்வில் சில நாள் தவிர மற்ற காலமெல்லாம் புழுவாக மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அதைக் கொல்ல எந்த மருந்தை எடுத்தாலும் அந்த மண்ணில்தான் ஊற்றியாக வேண்டும்.