ஒளியின் காலத்தாழ்வை அளத்தல்: 1964 முதல் ஹான்லே வரை

தொலைதூரக் குவேசாரின் ஒளி, இடையிலுள்ள விண்மீன் திரளின் ஈர்ப்பால் வளைந்து இரு பிம்பங்களாகத் தெரிவதுண்டு. இரு பாதைகளும் வேறுபடுவதால், ஒரே ஒளிமாற்றம் ஒரு பிம்பத்தில் முந்தியும் மற்றதில் பிந்தியும் தோன்றும். இக்காலத்தாழ்வைக் கொண்டு அண்ட விரிவின் வீதத்தைக் கணிக்கலாம் என நார்வே வானியலாளர் ரெஃப்ஸ்டால் 1964-இல் முன்மொழிந்தார்.

1979-இல் கண்டறியப்பட்ட முதல் இரட்டைக் குவேசாரின் காலத்தாழ்வு நெடுங்காலம் விவாதத்திற்குள்ளாயிற்று. ஒரு சாரார் ஏறத்தாழ 415 நாட்கள் என்றனர். மறுசாரார் 536 நாட்கள் என்றனர். நோக்கீட்டில் ஆண்டுதோறும் நேர்ந்த இடைவெளிகள் முடிவைக் கடினமாக்கின. 1994 டிசம்பரில் முந்தும் பிம்பத்தின் ஒளி சட்டெனக் குறைந்தது. பிந்தும் பிம்பம் 1996 பிப்ரவரியில் மங்கினால் முதற்கணிப்பும், ஜூனில் மங்கினால் மற்றதும் உறுதியாகும் என முன்னரே அறிவிக்கப்பட்டது. அது பிப்ரவரியில் மங்கியது. 1997-இல் 417 நாட்கள் என்னும் அளவு வெளியாயிற்று.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. சென்னை வானாய்வகத்தின் மரபில் வந்த இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை இயக்குகிறது. லா பால்மா தீவின் 1.2 மீட்டர், உஸ்பெகிஸ்தானின் 1.5 மீட்டர் தொலைநோக்கிகளுடன் இணைந்து, 2005 முதல் 2011 வரை எஸ்டிஎஸ்எஸ் ஜே1001+5027 என்னும் குவேசாரை அது நோக்கியது. 443 நோக்கீடுகளிலிருந்து ஐந்து முறைகளில் கணித்துப் பெற்ற காலத்தாழ்வு 119.3 நாட்கள், பிழை எல்லை 3.3 நாட்கள். இம்முடிவு 2013-இல் வெளியாயிற்று.

மூன்றில் எதுவும் 2 மீட்டரை விஞ்சவில்லை. ஆகவே, இத்துறையில் ஆடியின் அளவினும் நோக்கீட்டின் தொடர்ச்சியே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.