பூட்டும் வீடும்

“பூட்டிட்டு வந்தீங்களா?” என்று திண்டுக்கல் டவுனில் ஒருவர் கேட்டால் அது வீட்டைப் பற்றிய கேள்வி. இரண்டு தலைமுறைக்கு முன்னால், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு செம்மண் காட்டில் “பூட்டியாச்சா?” என்று கேட்டிருந்தால் அது மாட்டைப் பற்றிய கேள்வி. மாட்டுக் கேள்விதான் மூத்தது.

காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு. அப்படித்தான் பூண் என்பதிலிருந்து பூட்டு. பூண்பது தானே ஏற்றுக்கொள்வது. பூட்டுவது இன்னொன்றின்மேல் ஏற்றுவது. சங்கப் பாடல்களில் தேரில் குதிரையைப் பூட்டினார்கள். வில்லில் நாணைப் பூட்டினார்கள். மணப்பெண்ணுக்கு நகை பூட்டுகிறோம். தோள் எலும்பு இடம் மாறினால் “பூட்டு விலகிருச்சு” என்று வைத்தியரிடம் ஓடுகிறோம். செய்யுளின் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் கூடிப் பொருள் தந்தால் இலக்கணக்காரர் அதற்கு விற்பூட்டு என்று பெயர் வைத்தார். இவை எதிலும் அடைத்தல் என்ற பொருளே இல்லை. எல்லாம் இணைத்தல்.

கதவை அடைப்பதற்கு இருந்த சொல் தாழ். அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் சொல்வதும் தாழைத்தான். அதைத் திறக்க உதவிய கோல் திறவுகோல். போர்த்துக்கீசியர் வந்த பிறகு அது சாவி ஆயிற்று. ஜன்னலும் அலமாரியும் வந்த அதே கப்பலில் வந்த சொல். இரும்பில் செய்து தொங்கவிட்ட சாமானுக்கு மட்டும் நம்மவர் மாட்டுச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் வைத்தார்கள். பூட்டு எதையும் அடைப்பதில்லை, அடைப்பது கதவு. பூட்டு கொண்டியையும் நாதாங்கியையும் சேர்த்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

2019ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைக் கையில் எடுத்தால் இது விளங்கும். மாங்காய்ப் பூட்டு ஒன்றை நல்லாம்பட்டிப் பட்டறையில் பிரித்துக் காட்டினார்கள். உள்ளே தகடு தகடாக லீவர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஸ்பிரிங், வயிற்றில் ஒரு வெட்டு. சாவியின் பற்கள் எல்லா லீவரையும் அதனதன் அளவுக்குத் தூக்கும்போது வெட்டுகள் ஒரே கோட்டில் வந்து நிற்கும், தாழ் நகரும். ஒன்று மட்டும் மயிரிழை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் நகராது. பூட்டுக்காரர் அரத்தால் பல்லை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பினார். மறுபடி இரண்டு இழுப்பு. கண் எங்கோ இருந்தது. காதுதான் வேலை பார்த்தது.

இனி வேதாந்தத்துக்கு வருவோம். யோகம் என்ற சொல்லின் வேர் யுஜ். அதன் பொருள் நுகத்தில் பூட்டுதல். காட்டில் மாடு பூட்டுகிறவரும் ஜீவனைப் பரத்தோடு சேர்க்கப் பார்க்கிறவரும் ஒரே வினையைத்தான் செய்கிறார்கள். இங்கே அத்வைதி குறுக்கே கேட்பார்: பூட்டுவதற்கு இரண்டு மாடு வேண்டாமா, இரண்டாவது எங்கே? அவர் கணக்கில் நமக்கு வேண்டியது புதிதாக ஒரு சேர்க்கை அல்ல. ஏற்கெனவே ஒரு தப்பான சேர்க்கை நடந்திருக்கிறது. அறிவாகிய ஒன்றும் சடமாகிய உடம்பும் ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்திலிருந்து ‘நான்’ என்று ஒன்று கிளம்புகிறது. ரமணர் 1928ல் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ இந்த அகந்தைக்குத் தரும் பெயர்களில் ஒன்று சிச்சடக்கிரந்தி. கிரந்தி என்றால் முடிச்சு என்பார்கள். என்னைக் கேட்டால் திண்டுக்கல் தமிழில் பூட்டு என்று பெயர்த்துவிடலாம். தோள்பூட்டு போன்ற பூட்டு.

அந்த ரமணர் இந்த ஊரில் படித்தவர். 1879ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் 1891ல் சித்தப்பாவோடு திண்டுக்கல்லுக்கு வந்தார். மறு வருடம் தகப்பனார் இறந்தபின் மதுரை. திண்டுக்கல்லில் நடந்த ஒன்றை 1940களில் அவரே சொல்ல, அடியவர் தேவராஜ முதலியார் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஏதோ விசேஷம், இரவில் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பையன் தனியாக வாசல் அறையில் படித்துக்கொண்டிருந்து, பிறகு கதவைப் பூட்டி ஜன்னல்களையும் அடைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். திரும்பி வந்தவர்கள் கத்தினார்கள், கதவை இடித்தார்கள்; அசைவில்லை. கடைசியில் எதிர்வீட்டுச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, ஆசை தீர அடித்தும் பையன் எழவில்லை. மறுநாள் காலையில் மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். மலையே திண்டுத் தலையணைபோலப் படுத்திருப்பதால் பேர் வாங்கிய ஊர், தூக்கத்துக்குக் கேட்பானேன்.

இந்தத் தூக்கத்தை ஞானம் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. ஆழ்ந்த உறக்கத்தில் உடம்புப் பூட்டு கழன்றிருக்கிறது என்பதை வேதாந்தி ஒப்புக்கொள்வார். ஆனால் அது சாயங்காலம் ஏர் விடுவதைப் போல. விடிந்தால் அதே மாடு, அதே நுகம். 1896 ஜூலையில் மதுரை வீட்டு மாடியறையில் அதே பையன் திடீரென்று வந்த சாவுப் பயத்தில் பிணம்போல் விறைத்துப் படுத்து, செத்தது யார் என்று பார்த்தான். இம்முறை விழித்துக்கொண்டே. ஆறு வாரத்தில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டான்.

ஏர் விடுவது என்றேன். விடு என்பதிலிருந்து வந்ததுதான் வீடு. அறம், பொருள், இன்பத்துக்கு அடுத்து நிற்கிற வீடும் அதுதான்; நாம் தினமும் காலையில் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனைவரை போய்ச் சந்தேகம் வந்து திரும்புகிற வீடும் அதுதான். குடியிருக்கும் இடத்துக்குப் பழந்தமிழில் மனை, இல் என்ற சொற்கள் தாராளமாக இருந்தும், வேலையை விட்டு இளைப்பாறும் இடம் என்று இந்தச் சொல் உள்ளே புகுந்து மற்ற இரண்டையும் ஓரங்கட்டிவிட்டது.

எனக்கு உறுத்தியது வேறு. எதிர்வீட்டுச் சாவி இந்த வீட்டுக் கதவுக்கு எப்படிச் சேர்ந்தது? நல்லாம்பட்டியில் அந்தப் பூட்டுக்காரரிடமே கதையைச் சொல்லிக் கேட்டேன். அரத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ஒத்த லீவரா இருந்திருக்கும் சார். எட்டு லீவர் போட்டிருந்தா அன்னைக்குக் கதவைத்தான் ஒடைச்சிருக்கணும்.”