மருந்து நானோபடிகங்கள்

நீரில் எளிதில் கரையாத மருந்தை ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களாக்கி, நிலைப்படுத்தியால் காத்த வடிவம். துகள் சிறுத்தால் மேற்பரப்பு பெருகும், கரைதல் விரைவுபெறும். கூடவே மேற்பரப்பு ஆற்றலும் உயர்வதால் துகள்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ள முனையும். அரைப்பதைவிட இதைத் தடுப்பதே கடினம். ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ், போவிடோன், போலாக்சமர் போன்ற பாலிமர்களின் நீண்ட சங்கிலிகள் துகளின்மேல் படிந்து, அண்டைத் துகள்களை நெருங்கவிடாமல் விலக்குகின்றன. எந்த மருந்துக்கு எந்தப் பாலிமர் பொருந்தும் என்பது இன்றும் பெரும்பாலும் சோதித்தே முடிவாகிறது.

சிறுநீரக மாற்று பெற்றவர்களுக்கான சிரோலிமஸ், முதலில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டிய வாய்வழிக் கரைசலாகவே கிடைத்தது. மருந்தை நீரில் சிறுமணிகளோடு சுழற்றி அரைத்து நானோபடிகமாக்கிச் செய்த மாத்திரைக்கு அமெரிக்கா 2000இல் ஒப்புதல் அளித்தது. கரைசலைவிட அதன் உயிர்க்கிடைப்பு 27 விழுக்காடு அதிகம். வாந்தித் தடுப்பு மருந்தான அப்ரெபிடன்ட் 2003இல் இவ்வரிசையில் சேர்ந்தது.