பயனர் அனுபவ ஆய்வு: களத்தில் உருவான தொழில்

ஒரு கருவியையோ மென்பொருளையோ பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள் என்பதை நேரில் கண்டறிந்து, அதை உருவாக்குவோருக்கு எடுத்துச் சொல்லும் பணி பயனர் அனுபவ ஆய்வு எனப்படுகிறது. இத்தொழிலுக்கு வர விரும்பும் மாணவர் வாசலிலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். அனுபவம் இல்லாதவருக்கு வேலை கிடைப்பதில்லை. வேலை கிடைக்காதவருக்கு அனுபவம் வருவதில்லை. இத்தொழிலைத் தொடங்கி வைத்தவர்களிடமும் முன்னனுபவம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. அவர்கள் காலத்தில் இத்தொழிலுக்குப் பெயரே கிடையாது. கைக்கு எட்டிய இடத்தில் அவர்கள் செய்த வேலையே பின்னர் துறையாக வளர்ந்தது.

விமானிகளிடம் கேட்ட கேள்வி

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டு விமானத் தளத்தின் மருத்துவ ஆய்வகத்தில் அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் 1942இல் சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றதே 1943இல்தான். அக்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு, விமானி இறக்கை மடல்களை மடக்குவதாக எண்ணிக்கொண்டு சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார். விமானம் வயிறு தரையில் உரசக் கீழே அமர்ந்துவிடும். இவையெல்லாம் ‘விமானியின் பிழை’ என்று பதிவாயின.

சபானிஸ் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடலுக்கான விசையும் ஒரே வடிவில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டு விசைகளும் வேறு முறையில் அமைந்த சி-47 விமானங்களில் இப்படிப்பட்ட விபத்து நிகழவில்லை. ஒரு விசையின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றொன்றில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினால், இருட்டிலும் களைப்பிலும் விமானியின் கை தானாகவே வேறுபாட்டை அறியும் என்பது அவர் கண்ட தீர்வு. இன்றும் விமானங்களில் சக்கர விசையின் குமிழ் சக்கர வடிவிலும் மடல் விசையின் குமிழ் இறக்கை வடிவிலும் இருக்க வேண்டும் என்பது விதியாக உள்ளது.

அதே ஆய்வகத்தைச் சேர்ந்த பால் ஃபிட்ஸும் ரிச்சர்டு ஜோன்ஸும் 1947இல் வெளியிட்ட அறிக்கையில், கட்டுப்பாட்டு விசைகளை இயக்கும்போது நேர்ந்த 460 பிழைகளை ஆராய்ந்தனர். அவற்றில் ஏறத்தாழ பாதி, ஒரு விசையை வேறொன்றாக எண்ணி இயக்கியதால் வந்தவை. அவர்கள் கேட்ட கேள்வியின் தன்மை இங்கே கவனிக்கத்தக்கது. விமானி அறை பிடித்திருக்கிறதா, வசதியாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்களே செய்த, அல்லது உங்கள் கண்முன் வேறொருவர் செய்த ஒரு பிழையை நடந்தபடியே விவரியுங்கள் என்று கேட்டார்கள். கருத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்கும் இந்தப் பழக்கம் இன்றுவரை நல்ல நேர்காணலின் அடையாளமாக இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

அலுவலகமே களமாக

போருக்குப் பின் இந்த அணுகுமுறை தொழில் நிறுவனங்களுக்குள் நுழைந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜான் கார்லின் 1945இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். தொலைபேசிக் கம்பி எவ்வளவு நீளம் இருந்தால் போதும் என்றறிய, சக ஊழியர்களின் தொலைபேசிக் கம்பிகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஓர் அங்குலமாக யாருக்கும் தெரியாமல் குறைத்துக்கொண்டே வந்தார் என்பது அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி. இன்று அப்படிச் செய்தால் ஒப்புதல் பெறாத சோதனை என்ற கண்டனம் எழும், எழுவதும் நியாயமே. 1963இல் அறிமுகமான பொத்தான் தொலைபேசியின் எண் வரிசையும் அவருடைய குழு பல அமைப்புகளை மக்களிடம் சோதித்துத் தேர்ந்தெடுத்ததுதான்.

ஒலிம்பிக் செய்தி அமைப்பு

கைப்பழக்கத்தால் கற்பது எப்படி என்பதற்கு இத்துறையின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான எடுத்துக்காட்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒலிம்பிக் செய்தி அமைப்பு. ஜான் கூல்டு, கிளேட்டன் லூயிஸ் இருவரும் நல்ல வடிவமைப்புக்கு மூன்று நெறிகளை முன்வைத்து வந்தனர்: தொடக்கத்திலேயே பயனரையும் அவர் வேலையையும் கவனிப்பது, பயன்பாட்டை அளந்து பார்ப்பது, திருத்தித் திருத்திச் செய்வது. கேட்டவர்கள் பலர், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார்கள். ஆனால் 447 பேரிடம் ஓர் அமைப்பை உருவாக்கும் படிகளை எழுதச் சொன்னபோது, மூன்றையும் குறிப்பிட்டவர்கள் சிறுபான்மையினராகவே இருந்தனர்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் இந்த நெறிகளை உரைத்துப் பார்க்கும் வாய்ப்பாக அமைந்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் பெற்றோரும் நண்பர்களும் தொலைபேசியில் குரல் செய்தியை விட்டுவைக்க, விளையாட்டு வீரர் ஒலிம்பிக் கிராமத்தில் அதைக் கேட்க வேண்டும். குரல் அஞ்சல் என்றால் என்னவென்றே பெரும்பாலானோர் அறியாத காலம் அது. அமைப்பு 12 மொழிகளில் இயங்க வேண்டியிருந்தது. தொடக்க விழா நாளோ யாருக்காகவும் தள்ளிப்போகாது.

கூல்டின் குழு நிரல் எழுதுவதற்கு முன் காகிதத்தை எடுத்தது. பயனர் என்ன செய்வார், அமைப்பு என்ன சொல்லும் என்பதைச் சில வரிகளில் எழுதி மற்றவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டது. பயனர் கையேட்டின் முதல் வரைவுகளும் அமைப்பு உருவாகும் முன்பே எழுதப்பட்டன. முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஒருவரிடம் பேசினார்கள். போட்டி நடக்கவிருந்த இடங்களுக்குச் சென்று பார்த்தார்கள். செய்தி கேட்கும் கூண்டின் மாதிரியை ஆய்வகத்தின் நடைவழியில் நிறுத்தி வைத்தார்கள். போவோர் வருவோர் நின்று பார்த்துக் குறை சொன்னார்கள், மாதிரி மாறியது. பின்னர் 65 நாடுகளின் போட்டியாளர்கள் கலந்துகொண்ட முன்னோட்ட நிகழ்ச்சியில் உண்மையான சோதனை நடந்தது.

வெளிநாட்டிலிருந்து அழைக்கும் ஒரு தாயோ தந்தையோ நேரடியாக இயந்திரத்தின் குரலை எதிர்கொள்ளவில்லை. தம் நாட்டு ஒலிம்பிக் குழுவின் அலுவலகத்தை அழைத்தால், தம் மொழி பேசும் ஊழியர் விவரம் கேட்டு இணைத்து விடுவார். போட்டிகள் முடியும்வரை அமைப்பு 40,000 தடவைக்கும் மேல் பயன்படுத்தப்பட்டது.

இவற்றுள் எத்தனை வேலைகளுக்குப் பெரிய நிறுவனம் தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். காகிதக் காட்சிகள், கையேட்டு வரைவு, நடைவழி மாதிரி ஆகிய மூன்றும் கல்லூரி நூலகத்தின் புத்தகத் தேடல் கணினியை வைத்து ஒரு மாணவர் செய்யக்கூடியவை. பயனர் எவரையும் சந்திக்காமல், புகழ்பெற்ற ஒரு செயலியின் திரைகளை அழகாக வரைந்து தொகுப்பில் சேர்ப்பது இதற்கு ஈடாகாது. அது வரைகலைப் பயிற்சி மட்டுமே.

மாணாக்கராய் அமர்தல்

1980களில் பிற துறையினரும் இப்பணிக்கு வந்தனர். மானிடவியல் பயின்ற லூசி சச்மன், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ மையத்தில், ஒளிநகல் இயந்திரத்தின் முன் இருவர் திணறுவதைப் படம்பிடித்தார். திணறியவர்களில் ஒருவர் கணினி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆலன் நியூவெல். குறை பயனரின் அறிவில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய கேரன் ஹோல்ட்ஸ்பிளாட், பணியிடத்திலேயே பயனரோடு அமர்ந்து ஆராயும் முறையை வளர்த்தார். அதில் பயனர் குரு, ஆய்வாளர் மாணாக்கர். தறி ஓட்டக் கற்பவர் நெசவாளரின் அருகில் அமர்ந்து பார்ப்பதுபோல ஆய்வாளர் பார்க்க வேண்டும், புரியாத இடத்தில் கேட்க வேண்டும், தாம் புரிந்துகொண்டது சரியா என்று அங்கேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். நிபுணர் என்ற தோரணையோடு செல்பவருக்கு இம்முறையில் எதுவும் கிட்டாது. ஒன்றும் அறியாத புதியவருக்கு இது ஒரு சலுகை.

1989இல் யாக்கோப் நீல்சன், சிலரை மட்டும் கொண்டு எளிய முன்மாதிரிகளில் செலவு குறைந்த சோதனைகள் நடத்தலாம் என்று வாதிட்டார். ஆய்வகக் கண்ணாடி அறை இல்லாதவர்களுக்கும் கதவு திறந்தது. 1993இல் டொனால்டு நார்மன் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது ‘பயனர் அனுபவம்’ என்ற சொல் முதன்முதலாக ஒரு பதவியின் பெயருக்குள் வந்தது. தொழில் பிறந்து அரை நூற்றாண்டு ஆன பிறகே அதற்குப் பெயர் கிடைத்தது.

இந்த வழிமுறை தமிழகக் கிராமங்களையும் எட்டியது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராக இருந்த தபன் பாரிக், 2000களின் நடுப்பகுதியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குப் பதிவை இங்கே ஆராய்ந்தார். காகிதத்தை ஒழித்துவிட்டுக் கைப்பேசியை வைப்பதே எளிதான யோசனையாகத் தோன்றியிருக்கும். ஆனால் குழுவினர் நம்பியதும் அவர்களுக்குப் பழகியதும் காகிதமே. ஆகவே 2006இல் வெளியான அவருடைய வடிவமைப்பில் காகிதப் படிவம் அப்படியே இருந்தது. படிவத்தில் அச்சிட்ட குறியீட்டைக் கைப்பேசியின் கேமரா படித்தது; அடுத்து எந்த எண்ணைப் பதிய வேண்டும் என்பதைக் கைப்பேசி குரலில் சொன்னது.