தாடி ஓணான் வளர்ப்பு

தாடி ஓணான், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் வாழும் ஊர்வன இனம். இதன் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். செல்லப்பிராணி வளர்ப்போரிடையே ‘பியர்டட் டிராகன்’ என்ற பெயரே பெருவழக்கு. நம் வேலியோரங்களில் தலையசைத்து நிற்கும் ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பகலில் நடமாடுவதாலும் மனிதர் கைக்கு எளிதில் பழகுவதாலும் இது உலகில் பரவலாக வளர்க்கப்படும் பல்லிகளுள் ஒன்றாகிவிட்டது. நன்கு பேணினால் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். சில அதற்கும் மேல் வாழ்வதுண்டு.

இதன் உடல்நலம் வெயிலைச் சார்ந்தது. வீட்டுக்குள் வளர்ப்பவர் அந்த வெயிலை விளக்குகளால் ஈடுசெய்ய வேண்டும். வளர்ப்பு ஓணான்களின் பல நோய்களுக்கும் அகால இறப்புகளுக்கும் இதில் நேரும் குறையே வேர்.

வகைப்பாடும் வாழிடமும்

ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஆல் 1926-இல் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தார். போகோனா என்ற பேரினத்தை ஆஸ்திரேலிய ஊர்வனவியலாளர் கிளென் ஸ்டோர் 1982-இல் நிறுவினார். இப்பேரினத்தில் வேறு சில இனங்களும் உள்ளன. அவற்றுள் உருவில் சிறிய ரேங்கின் ஓணானும் ஓரளவு வளர்க்கப்படுகிறது.

குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் ஆகியவற்றின் உட்பகுதிகள், விக்டோரியாவின் வடமேற்கு, தெற்கு ஆஸ்திரேலியா, வட ஆட்புலம் ஆகியவை இதன் இயற்கை வாழிடங்கள். பாலைநிலங்களிலும் புதர்க்காடுகளிலும் திறந்த மரக்காடுகளிலும் வாழ்கிறது. நன்றாக மரம் ஏறும். வேலிக் கம்பங்களிலும் பட்ட மரக்கிளைகளிலும் ஏறி வெயில் காய்வது இதன் அன்றாட வழக்கம்.

உடலமைப்பும் நடத்தையும்

வளர்ந்த ஓணான் வால் நுனிவரை 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வால். தொண்டையிலும் உடலின் இரு பக்கங்களிலும் முள் போன்ற செதில்கள் உண்டு. அச்சுறுத்தப்படும்போதோ எதிரி ஆணைக் காணும்போதோ தொண்டைத் தோலை விரித்துக் கறுப்பாக்கிக் காட்டும். தாடி என்பது இதுவே. தலையை வேகமாக ஆட்டுவது ஆதிக்கத்தின் அறிகுறி. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மெதுவாகச் சுழற்றுவது பணிவின் அறிகுறி. காலையில் உடலைத் தட்டையாக்கி நிறத்தை அடர்த்தியாக்கி வெப்பத்தை உள்வாங்கும். சூடு மிகுந்ததும் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாம் கண் ஒன்று உள்ளது. மேலிருந்து கை வரும்போது ஓணான் மிரள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுப் பல்லியைப் போல இது வாலை உதிர்ப்பதில்லை. அறுந்த வால் மீண்டும் வளர்வதும் இல்லை. பற்களின் பெரும்பகுதி தாடை எலும்போடு ஒட்டியவை. அவை விழுந்தால் மறுபடி முளைப்பதில்லை.

வளர்ப்பின் வரலாறும் சட்டமும்

தன் நாட்டுக் காட்டுயிர்களை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்வதை ஆஸ்திரேலியா 1960-களிலேயே தடைசெய்தது. இன்று பிற நாடுகளில் விற்கப்படும் தாடி ஓணான்கள், பெரும்பாலும் அத்தடையை மீறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். அவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. தோலின் முட்களும் நிறமும் மாறுபட்ட பல வகைகளை வளர்ப்பாளர்கள் உருவாக்கியுள்ளனர். அவற்றுள் செதிலே இல்லாத ‘சில்க்பேக்’ வகையின் தோல் எளிதில் காயப்படும். அவ்வகையை வாங்காமல் இருப்பதே அறம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உரிமம் பெற்றே வளர்க்கலாம். சிங்கப்பூரிலும் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்திலும் வளர்க்கத் தடை உள்ளது. உரிய அனுமதியின்றி அயல்நாட்டு விலங்குகளை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். வாங்கும் முன் தங்கள் ஊரின் சட்டத்தை விசாரித்தறிவது வளர்ப்பவரின் பொறுப்பு.

தேர்ந்தெடுத்தல்

வளர்ப்பகத்தில் பிறந்த, வரலாறு தெரிந்த ஓணானையே தேர்வுசெய்ய வேண்டும். கைவிடப்பட்ட ஓணான்களுக்குப் புகலிடம் தரும் அமைப்புகள் பல நாடுகளில் உள்ளன. புதியவர்களுக்கு அங்கிருந்து வளர்ந்த ஓணானைத் தத்தெடுப்பது நல்ல வழி. குட்டிகளுக்கு ஒரு நாளில் பலமுறை உணவிட வேண்டும். நோயும் அவற்றை விரைவில் வீழ்த்திவிடும்.

நலமான ஓணானின் கண்கள் தெளிவாகத் திறந்திருக்கும். அது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்கும். சுற்றிலும் நடப்பதைக் கவனிக்கும். விரல்களும் வால் நுனியும் குறைவின்றி இருக்க வேண்டும். கழிவுத்துளையைச் சுற்றி அழுக்கு ஒட்டியிருப்பது, கால்கள் நடுங்குவது, தாடை வீங்கியிருப்பது, இடுப்பெலும்பு துருத்தியிருப்பது ஆகியவை நோயின் அடையாளங்கள். இரக்கத்தால் நோயுற்ற குட்டியை வாங்குவோர் பெரும்பாலும் துயரத்தையே சந்திக்கின்றனர்.

ஓணானை வாங்குவதற்கு முன்பே பெட்டியை அமைத்து, விளக்குகளைச் சில நாள் எரியவிட்டு, வெப்பநிலையை அளந்து சரிசெய்துவிட வேண்டும். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் இருக்கிறாரா என்பதையும் முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

பெட்டி

வளர்ந்த ஓணானுக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டி குறைந்தபட்சத் தேவை. ஒரு பெட்டியில் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு ஆண்கள் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் ஓயாத இனச்சேர்க்கையால் பெண் நலியும். ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடப்பதைப் பாசம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வெயில் காயும் இடத்துக்கான போட்டி.

ஏறுவதற்கு உறுதியான கிளைகள், வெயில் காய ஒரு தட்டைக் கல், ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் ஆகியவை தேவை. குட்டிகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் காகிதமோ ஓடோ விரித்த தரை பாதுகாப்பானது. தளர்ந்த மணலை உணவோடு விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளலாம். உடலில் வெப்பமும் நீரும் குறைந்த ஓணானுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும். புழுக்கம் மிகுந்த கடலோர ஊர்களில் பெட்டிக்கு நல்ல காற்றோட்டம் இருப்பது கட்டாயம்.

வெப்பம்

ஓணானால் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்தே அதைச் சீராக வைத்துக்கொள்கிறது. எனவே பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரையிலும், குளிர்ந்த முனை 24 முதல் 28 டிகிரி வரையிலும் இருப்பது நன்று. இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாதவரை தனி வெப்பம் தேவையில்லை.

வெப்பம் மேலிருந்து, வெளிச்சத்தோடு வர வேண்டும். பகல்நேர விளக்கு இவ்விரண்டையும் தரும். சூடாகும் செயற்கைக் கற்கள் வயிற்றைப் பொசுக்கிவிடும். இரவில் எரியும் சிவப்பு விளக்கு உறக்கத்தைக் கெடுக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமானியை நம்பாமல் டிஜிட்டல் வெப்பமானியால் அளக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் முதலில் கெடுவது செரிமானம். ஓணான் சாப்பிடவில்லை என்று மருந்து தேடும் முன் கல்லின் வெப்பத்தை அளந்து பார்க்க வேண்டும்.

புற ஊதா ஒளி

சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர்கள் தோலில் பட்டால்தான் ஓணானின் உடல் போதிய டி3 வைட்டமினை உண்டாக்கும். அது இல்லாமல் உணவில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் குடல் அதைச் சரிவர உறிஞ்சாது. அப்போது உடல் இரத்தத்தின் தேவைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்தை எடுக்கத் தொடங்குகிறது. தாடை ரப்பர் போல மென்மையாகிறது, கால்கள் வளைகின்றன, முதுகெலும்பு கோணுகிறது. வளர்சிதைமாற்ற எலும்பு நோய் எனப்படும் இது, வளர்ப்பு ஓணான்களிடம் காணப்படும் மிகக் கொடிய, ஆனால் முழுவதும் தவிர்க்கக்கூடிய நோய்.

பெட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் செல்லும் குழல் வடிவ டி5 புற ஊதா விளக்கு இதற்கு ஏற்றது. அது பகலில் 12 மணி நேரம் எரிய வேண்டும். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிர்களைத் தடுத்துவிடும். எனவே மூடிய சன்னலருகே வைப்பதால் பயனில்லை. அடர்ந்த கம்பிவலையும் கதிர்களில் கணிசமான பகுதியைத் தடுக்கும். கண்ணுக்கு வெளிச்சம் குறையாவிட்டாலும் விளக்கின் புற ஊதா ஆற்றல் நாளடைவில் குறையும். தயாரிப்பைப் பொறுத்து 6 முதல் 12 மாதங்களில் புதியது பொருத்த வேண்டும். ஓணானை வாங்கும் விலையைவிட இவ்விளக்குகளுக்கு ஆகும் செலவு பெரிது. அச்செலவைக் குறைக்க நினைப்பவர் ஓணான் வளர்க்காதிருப்பது நல்லது.

உணவும் நீரும்

தாடி ஓணான் தாவரமும் பூச்சியும் உண்ணும். வளரும் பருவத்தில் உணவில் பெரும்பகுதி பூச்சிகளாகவும், வளர்ந்தபின் பெரும்பகுதி கீரைகளாகவும் இருக்க வேண்டும். வளர்ந்த ஓணானுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை பூச்சிகள் போதும்; கீரை அன்றாடம் வேண்டும். குட்டிப் பருவத்தின் பூச்சி உணவையே தொடர்ந்து கொடுத்தால் உடல் கொழுத்து ஈரல் கெடும்.

வளர்ப்புச் சுவர்க்கோழிகள், டூபியா கரப்பான்கள், பட்டுப்புழுக்கள், பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள் ஆகியவை நல்ல உணவு. கொழுப்பு மிகுந்த மெழுகுப் புழுவை எப்போதாவது கொடுக்கலாம். ஓணானின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. பூச்சிகளுக்கு முதல்நாளே சத்தான காய்கறிகளை ஊட்டி, கொடுக்கும் முன் சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்ட வேண்டும். பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி. உணவில் அதைப்போல இருமடங்கு சுண்ணாம்புச்சத்து இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. வெளியிலிருந்து பிடித்த பூச்சிகளில் பூச்சிமருந்தும் ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். மின்மினியின் நஞ்சு தாடி ஓணானைக் கொன்றுவிடும், ஒன்றே போதும்.

கடுகுக் கீரை, காலர்டு கீரை, டேன்டெலியன் கீரை, பரங்கிக்காய், செம்பருத்திப் பூ ஆகியவற்றை நறுக்கிக் கொடுக்கலாம். பாலக் கீரையிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிணைத்துவிடும் என்பதால் அது அன்றாட உணவாகாது. லெட்யூசில் சத்து குறைவு. பழங்கள் பல்லில் ஒட்டிச் சொத்தையாக்கும். அரிதாகவே தர வேண்டும். அவகாடோ நஞ்சு. ஆழமில்லாத கிண்ணத்தில் நாள்தோறும் புதிய தண்ணீர் வைக்க வேண்டும்.

நோய்கள்

எலும்பு நோயைத் தவிர வேறு சில நோய்களும் இவ்வினத்தில் அடிக்கடி காணப்படுகின்றன. அடினோவைரஸ் குட்டிகளைக் கொல்லக்கூடியது. பிழைத்தவை வாழ்நாள் முழுவதும் அதைப் பரப்பலாம். காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி கழிவின் வழியே பரவும். தோலை அரிக்கும் ‘மஞ்சள் பூஞ்சை’ நோய் எளிதில் தொற்றும். ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடக்கூடும். தோண்டி முட்டையிட ஏற்ற இடம் கிடைக்காதபோது முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

வளர்ந்த ஓணான் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் உணவைக் குறைத்து உறங்குவதுண்டு. இது இயல்பே. ஆயினும் எடை வேகமாகக் குறைந்தால் அது உறக்கமன்று, நோய். மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைப்பதும் ஆண்டுக்கு ஒருமுறை கழிவைப் பரிசோதிப்பதும் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவும்.

இனப்பெருக்கம்

பெண் ஓணான் ஒரு முறைக்குச் சராசரியாக இருபது முட்டைகள் இடும். ஒரே பருவத்தில் பலமுறை இடுவதும் உண்டு. சுமார் 29 டிகிரியில் அடைவைத்தால் 55 முதல் 75 நாட்களில் குஞ்சு வெளிவரும். பால் நிர்ணயத்தில் இவ்வினம் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. குரோமோசோம்கள் பாலை நிர்ணயித்தாலும், அடைகாக்கும் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஆணின் குரோமோசோம் கொண்ட கருக்கள் பெண்ணாக வளர்கின்றன. ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட இம்மாற்றம் காட்டிலும் நிகழ்வதை 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. ஆண்டுக்குப் பல ஈடு குஞ்சுகள் பொரிவதால், நல்ல இல்லம் கிடைக்காத குட்டிகளும் பெருகுகின்றன. வீட்டில் வளர்ப்போர் இனப்பெருக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

கையாளுதலும் மனித நலமும்

புதிதாக வந்த ஓணானுக்குப் பழகச் சில நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். பிறகு பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, வயிற்றையும் கால்களையும் தாங்கித் தூக்க வேண்டும். வாலைப் பிடிக்கக் கூடாது.

நலமான ஓணானின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் தாடி ஓணான்கள் வழியே பரவிய சால்மொனெல்லா தொற்றில் பாதிக்கப்பட்டோரில் பாதிக்கு மேல் சிறு குழந்தைகள். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும், பெட்டிப் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும் கட்டாயம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோ, முதியவர்களோ, நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களோ உள்ள வீட்டுக்கு இது ஏற்றதன்று.

மற்ற வீடுகளில், பத்தாண்டுப் பொறுப்பை ஏற்க முடிந்தவருக்குத் தாடி ஓணான் நல்ல துணை. அதற்கு வேண்டிய வெயிலைத் தர இயலாதவர் அதை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.