இலண்டனில் ஒரு கலைச்சுவைஞர் வட்டம்: தம்பிமுத்துவும் ‘பொயட்ரி இலண்டன்’ குழுவும் (1939–1949)

1. முன்னுரை

புலம்பெயர் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கோயில், பள்ளி, சங்கம், இதழ் ஆகிய சமூக நிறுவனங்களையே பெரிதும் ஆராய்ந்து வந்துள்ளனர். தமிழர் அல்லாதார் மிகுந்திருந்த ஒரு கலைக்குழுவைத் தமிழர் ஒருவர் கூட்டி நடத்திய வரலாறு இந்த ஆய்வு வரம்புக்குள் எளிதில் அடங்குவதில்லை. அவ்வாறு அடங்காமற்போன ஒருவர் மேரி ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து (1915–1983). இரண்டாம் உலகப்போர்க் காலத்து இலண்டனில் புதுக்கவிஞரையும் புது ஓவியரையும் அவர்தம் சுவைஞரையும் ஒரே வட்டத்தில் இணைத்தவர் அவர். அவ்வட்டத்தின் இயல்பு யாது, அது செய்த பணி யாது, அது ஆங்கில இலக்கிய வரலாற்றில் வேடிக்கைக் கதையாகவும் தமிழிலக்கிய வரலாற்றில் வெற்றிடமாகவும் ஆனது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வருகையும் வட்டமும்

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த தம்பிமுத்து, 1938 ஜனவரியில், தம் இருபத்திரண்டாம் வயதில் இலண்டனை அடைந்தார். கொழும்பில் இருந்தபோதே ஆங்கிலத்தில் கவிதை எழுதி வெளியிட்டவர். வந்து ஓராண்டு கடந்தபின், 1939 பெப்ரவரியில், அந்தனி டிக்கின்சுடன் இணைந்து ‘பொயட்ரி இலண்டன்’ என்னும் இதழைத் தொடங்கினார். சில மாதங்களில் போர் மூண்டது. தாள் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. புதிய இதழ்கள் தோன்றுவது தடைபட்டது. போருக்கு முன்னரே பிறந்துவிட்டமையால் இவ்விதழ் ஒழுங்கற்ற இடைவெளிகளிலேனும் தொடர முடிந்தது.

ஒக்ஸ்போர்ட் தெருவுக்கு வடக்கே, சார்லட் தெரு, ராத்போன் பிளேஸ் முதலிய சில தெருக்களைக் கொண்ட பகுதி ‘ஃபிற்ஸ்ரோவியா’ எனப்படும். அப்பெயரைப் பரப்பியவருள் தம்பிமுத்துவும் ஒருவர் என்பர். ராத்போன் பிளேசிலிருந்த ‘வீற்ஷீஃப்’ மதுச்சாலை இவ்வட்டத்தார் கூடும் இடங்களுள் ஒன்று. உறுப்பினர் பட்டியலோ, சந்தாவோ, யாப்போ அதற்கு இல்லை. கவிதையை எழுதுபவரும் வாசிப்பவரும், ஓவியம் தீட்டுபவரும் அதனை விரும்புபவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். தம்பிமுத்துவை அவர்கள் ‘தம்பி’ என்றே அழைத்தனர். அவரினும் மூத்தவர், இளையவர் என்னும் வேறுபாடின்றி எல்லோருக்கும் அவர் ‘தம்பி’. நமக்கு உறவுச்சொல்லாக ஒலிப்பது அங்கே ஒரு மனிதரின் பெயராக நிலைத்தது.

இதழின் முதல் எண்ணில் ‘முதற் கடிதம்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய ஆசிரியவுரை வட்டத்தின் கொள்கையை உணர்த்துகிறது. கவித்துவம் ஒவ்வொரு மனிதரிடத்தும் உண்டு; அது பிரபஞ்சத்தின்பால் மனம் கொள்ளும் விழிப்பு என்பது அதன் சாரம். எந்தவொரு கவிதைக் கட்சியையும் சார்ந்து அவ்விதழ் நிற்கவில்லை. லூயி மக்னீஸ், ஸ்டீபன் ஸ்பெண்டர், ஹேர்பேர்ட் ரீட், டிலன் தோமஸ், லோரன்ஸ் டறல், ஜோர்ஜ் பார்க்கர் என ஒருவரோடொருவர் உடன்படாத பலருக்கும் அதில் இடம் கிடைத்தது. தெரிவில் கண்டிப்பு இல்லை என்று அக்காலத்துத் திறனாய்வாளர் சிலர் குறை கூறினர்.

3. சொல்லும் கோடும்

அக்குறையை மதிப்பிட, இதழோடு அக்குழு வெளியிட்ட நூல்களையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். நிக்கல்சன் அன்ட் வாட்சன் பதிப்பகத்தின் ஆதரவுடன் 1943இல் ‘எடிஷன்ஸ் பொயட்ரி இலண்டன்’ என்னும் நூல்வரிசை தொடங்கியது. அவ்வாண்டே டேவிட் கஸ்கொயினின் 1937–1942 காலக் கவிதைகள் கிரகாம் சதர்லண்டின் ஓவியங்களோடு வந்தன. கதலீன் ரெயினின் ‘ஸ்டோன் அன்ட் ஃபிளவர்’ பார்பரா ஹெப்வேர்த்தின் வரைவுகளோடு வந்தது. 1944இல் நிக்கலஸ் மூரின் ‘த கிளாஸ் டவர்’ நூலுக்கு ஓவியம் வரைந்தவர் லூசியன் ஃபிரொய்ட். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சுரங்க ரயில் நிலையங்களில் இரவைக் கழித்த மக்களை ஹென்றி மூர் வரைந்த குறிப்பேடும் இவ்வரிசையில் நூலுருப் பெற்றது. டிலன் தோமஸின் கவிதையொன்றை ஒட்டிக் கெறி றிச்சர்ட்ஸ் ஆக்கிய கல்லச்சு ஓவியங்கள் தம்பிமுத்துவின் வேண்டுகோளால் உருவாகி 1947ஆம் ஆண்டு இதழில் இடம்பெற்றன.

இங்கே ஓவியம் கவிதைக்கு அலங்காரமாகச் சேர்க்கப்படவில்லை. ஓவியரும் கவிஞரும் ஒரே சமகாலத்தவர். ஒரே நகரின் ஒரே அழிவைக் கண்டவர்கள். அவர்களை ஒரு நூலின் இரு ஆசிரியர் போல நிறுத்தியது பதிப்பாசிரியரின் முடிவு. ஒரு முறை நிகழ்ந்தால் தற்செயல் எனலாம். ஆண்டுதோறும் நிகழ்ந்தமையால் இதனைக் கொள்கை என்றே கொள்ளல் தகும்.

உரைநடையிலும் அத்துணிவு தெரிகிறது. எலிசபெத் ஸ்மார்ட்டின் கவித்துவ நாவலும், விளாடிமிர் நபக்கோவ் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலின் பிரித்தானியப் பதிப்பும் 1945இல் இவ்வரிசையில் வெளிவந்தன. நபக்கோவுக்கு உலகப்புகழ் கிட்டப் பின்னும் பத்தாண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

வட்டம் மதுச்சாலைச் சுவர்களுக்குள் அடங்கியதும் அன்று. வட ஆபிரிக்கப் பாலைநிலப் போரில் தாங்கிப்படை அதிகாரியாக இருந்த கீத் டக்ளஸ் தம் கவிதைகள் தொடர்பாகத் தம்பிமுத்துவுடன் கடிதத்தொடர்பு கொண்டிருந்தார். 1944 ஜூன் மாதம் நோர்மண்டியில் தம் இருபத்து நான்காம் வயதில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய பாலைநிலப் போர்க்குறிப்புகளும் கவிதைகளும் அவரே வரைந்த படங்களோடு 1946இல் நூலாயின. இன்று அப்போரின் முதன்மையான ஆங்கிலக் கவிஞராக அவர் மதிக்கப்படுகிறார். அவரைத் தனி நூலுருவில் உலகிற்கு முதலில் அளித்தவர் ஈழத்தமிழர் ஒருவர் என்பது நம் பாடநூல்களிலும் இல்லை, அவர்கள் பாடநூல்களிலும் பெரிதாக இல்லை.

4. வானொலி மேசை

1942இல் பிபிசி கீழைத்தேயச் சேவைக்காக ஜோர்ஜ் ஓர்வெல் ‘வொய்ஸ்’ என்னும் ‘வானொலி இதழை’ நடத்தினார். அந்நிகழ்ச்சியின்போது எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றில் ரி. எஸ். எலியட், வில்லியம் எம்சன், ஜமேக்காவைச் சேர்ந்த யூனா மார்சன், முல்க் ராஜ் ஆனந்த், வேணு சித்தாலே, நாராயண மேனன் ஆகியோரோடு தம்பிமுத்துவும் உள்ளார். வீணைக் கலைஞரான நாராயண மேனன் யேற்ஸ் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். பின்னாளில் இந்திய வானொலியின் உயர்பதவியை வகித்தவர். கீழைத்தேய இசையறிஞரும் மேலைத்தேயக் கவிஞரும் ஒலிவாங்கியொன்றின் முன் சமமாக அமர்ந்த அம்மேசையை, ‘பொயட்ரி இலண்டன்’ வட்டத்தின் அண்டை வீடு எனலாம். பேரரசின் தலைநகரில் குடியேற்ற நாட்டு எழுத்தாளர் விருந்தினராக மட்டும் இல்லை. வேலை செய்வோராகவும் இருந்தனர்.

எலியட் தம்பிமுத்துவை ஊக்குவித்தவர். அவர் இயக்குநராக இருந்த ஃபேபர் நிறுவனமே தம்பிமுத்து தொகுத்த போர்க்காலக் கவிதைத் தொகுப்பை 1942இல் வெளியிட்டது. எலியட்டின் அறுபதாம் அகவை நிறைவுக்குத் தம்பிமுத்து 1948இல் வெளியிட்ட கவிதையின் தலைப்பு ‘நடராஜா’.

5. கதை விழுங்கிய வரலாறு

ஆங்கில நினைவுநூல்களில் தம்பிமுத்து வேறொருவராகத் தோன்றுகிறார். கட்டிலின்கீழ் இருந்த சிறுநீர்க் கலத்தில் கையெழுத்துப்படிகளை இட்டு வைத்தார் என்பது ஒரு கதை. சோகோவில் சுற்றித் திரிந்தால் இரவு பகல் கழியுமேயன்றி ஒரு வேலையும் முடியாது. அது ஒரு நோய் என்று எழுத்தாளர் ஜூலியன் மக்லாரன்-றொஸ்ஸை எச்சரித்தார் என்பது மற்றொன்று. இவை சுவையானவை, முற்றும் பொய் என்று தள்ளவும் இயலாது. ஆயின் ஒழுங்கற்றவர், கீழைநாட்டு மாயக்காரர் என்னும் வார்ப்பு, அம்மனிதர் கட்டிய நூல்வரிசையை மறைத்துவிட்டது. போரும் தாள் பற்றாக்குறையும் சூழ்ந்த நகரில் ஓவியம் தாங்கிய கவிதைநூல்களை ஆண்டுதோறும் வெளிக்கொணர்வது சோம்பேறியின் செயலன்று.

6. இரு ஒப்பீடுகள்

வட்டத்தின் வலிமையையும் வலுவின்மையையும் உணர இலண்டனின் வேறிரு குழுக்களோடு ஒப்பிடலாம். ஹேர்பேர்ட் ரீட், ரோலண்ட் பென்றோஸ் முதலியோர் 1946இல் சமகாலக் கலைகள் நிறுவனத்தை அமைத்தனர். 1948இல் அதன் முதற் கண்காட்சி நடந்தது. 1950இல் டோவர் தெருவில் சொந்த அரங்கு வாய்த்தது. நிருவாகக் குழுவும் உறுப்பினர் முறையும் கொண்ட அது இன்றும் இயங்குகிறது.

மற்றொன்று, 1969இல் கொர்னீலியஸ் கார்டியு, மைக்கேல் பார்சன்ஸ், ஹவார்ட் ஸ்கெம்ப்ரன் ஆகியோர் தொடங்கிய ‘ஸ்கிரச் ஓர்கெஸ்ட்ரா’. மோர்லி கல்லூரி இசை வகுப்பின் சூழலில் முளைத்த இக்குழுவில் இசைப்பயிற்சி பெறாதோரும் சேரலாம். ஆர்வலர் பலர் தம் ஆற்றல்களை ஒன்றுதிரட்டிச் செயலுக்காகக் கூடுவதே அது எனக் கார்டியு எழுதிய வரைவு யாப்பு விளக்கியது. கச்சேரியை வடிவமைக்கும் முறை உறுப்பினருள் மிக இளையவரிடமிருந்து தொடங்கும். யாப்பு இருந்தும் அரசியற் பிளவால் சில ஆண்டுகளில் அது கலைந்தது.

தம்பிமுத்துவின் வட்டம் இரண்டாவதன் திறந்த உள்ளத்தைக் கொண்டிருந்தது; முதலாவதன் நிறுவன உறுதியைப் பெறவில்லை. ஒரு பதிப்பகத்தின் பணமும் ஒரு மனிதரின் ஈர்ப்புமே அதன் தூண்கள். 1949இல் அவர் ஆசிரியப் பொறுப்பை விட்டு இலங்கை திரும்பியதும், றிச்சர்ட் மார்ச்சின் பொறுப்பில் இதழ் 1951வரை மட்டுமே நீடித்தது. பின்னர் நியூயோர்க்கில் 1956இல் தொடங்கிய இதழும், 1968இல் இலண்டன் மீண்டபின் பீட்டில்ஸ் குழுவினரின் ‘ஆப்பிள்’ பெயரோடு 1979இல் வந்த இதழும் பழைய வட்டத்தை மீட்கவில்லை.

7. தமிழியலின் எல்லை

தம்பிமுத்து 1983 ஜூன் மாதம் இலண்டனில் காலமானார். அடுத்த மாதம் இலங்கையில் தமிழருக்கு எதிரான பெருவன்முறை வெடித்தது. அதன்பின் இலண்டனுக்குத் தமிழர் பெருந்தொகையினராக வந்தனர். தனி ஒருவராக அந்நகரில் வாழ்ந்த தமிழரின் காலம் முடிந்த இடத்தில் சமூகமாக வாழும் தமிழரின் காலம் விரைவுற்றது. உயிரும் உறவும் மொழியும் காக்க வேண்டிய நெருக்கடியில் இருந்த அச்சமூகம், ஆங்கிலத்தில் எழுதிய முன்னவரைத் தேடாதிருந்தது இயல்பே.

ஆயினும் பணியின் வடிவம் மீண்டும் தோன்றியது. நியூகாம் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் வாயிலாக இ. பத்மநாப ஐயர் ‘கிழக்கும் மேற்கும்’ (1997), ‘இன்னுமொரு காலடி’ (1998), ‘யுகம் மாறும்’ (1999) ஆகிய தொகுப்புகளை வெளியிட்டார். பல நாடுகளில் சிதறிய எழுத்தாளரை இலண்டனிலிருந்து ஒருவர் கூட்டிச் சேர்த்தார். முன்னவரைப் பின்பற்றி இது நிகழ்ந்ததெனக் கூற வேண்டியதில்லை. சிதறலே தொகுப்பாளரை உருவாக்குகிறது.

தம்பிமுத்துவின் தொகுப்புப் பணியைச் சங்கத் தொகைநூல் மரபோடு இணைத்துக் காட்டும் விருப்பம் இவ்விடத்து எழலாம். ஒப்புமை சான்றாகாது. மரபின் பெருமையை அவர்மேல் ஏற்றுவதும், கீழைநாட்டு மாயத்தை அவர்மேல் ஏற்றிய ஆங்கில நினைவுநூல்களின் வழியும் ஒன்றே. அவரை அவர் செய்த வேலையால் அளப்பதே நேர்மை.

8. முடிவுரை

‘பொயட்ரி இலண்டன்’ வட்டம் பரிசோதனைக் கலையின் படைப்பாளரையும் சுவைஞரையும் பிரிக்காத ஒரு கூட்டுறவு. பல குரல்களை ஏற்றதும், சொல்லையும் கோட்டையும் ஒரு நூலில் இணைத்ததும் அதன் கொள்கை. அதனை இயக்கியவர் தமிழர் என்பதால் மட்டும் அது தமிழர் வரலாறு ஆகாது. தமிழர் உலகின் பொதுக்கலை வாழ்வில் என்ன செய்தனர் என்பதும் தமிழியலின் வினாவே என ஏற்பின், அது நம் வரலாறுமாகும்.

செய்ய வேண்டியவை மூன்று. பிரித்தானிய நூலகத்தில் உள்ள தம்பிமுத்து ஆவணங்களைத் தமிழறிந்த ஆய்வாளர் முறையாகப் படித்து விளக்க அட்டவணை செய்தல் வேண்டும். ஜேன் வில்லியம்ஸ் 1989இல் தொகுத்த நினைவுநூலின் கட்டுரைகளையும் இதழின் ஆசிரியக் கடிதங்களையும் உரிய அனுமதியுடன் தமிழாக்க வேண்டும். ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் காக்கும் நிறுவனங்கள், அவர் கொழும்பில் வெளியிட்ட இளமைக்கால நூல்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். இவை நிறைவேறும்போதே, இலண்டன் நண்பர்கள் பெயராக மட்டும் வழங்கிய ‘தம்பி’ என்னும் சொல் அதன் உறவுப்பொருளோடு நம்மிடம் திரும்பும்.